புதன்கிழமையிலிருந்து

இஸ்திரிக்காரனின் கை செத்துப்போன கை என்று தெருவில் பேச்சு. பெட்டியிலிருந்து கங்கு ஒன்று தெறித்துத் தரையில் விழுந்தால் அவன் இடுக்கியைத் தேடமாட்டான். இரண்டு விரலால் எடுத்து, கீழே விழுந்த பொத்தானைப் பொறுக்குகிறவன் மாதிரி பெட்டிக்குள் போட்டு மூடியைச் சாத்துவான். பார்த்துக்கொண்டு நிற்கிறவர்களுக்குத்தான் பதறும். பதினேழு வருஷம் அந்தப் பெட்டியின் கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து உள்ளங்கைத் தோல் தடித்துக் காப்புக் காய்த்துவிட்டது. குளிக்கிற தண்ணீர் சுடுகிறதா என்று பார்க்க அவன் காலைத்தான் விடுவான்.

அவன் பெண்டாட்டியின் கை அதற்கு நேர்மாறு. அவளுக்கு இறால் கம்பெனியில் உரிக்கிற வேலை. காலை ஏழு மணிக்கு ஐஸ் தண்ணீர்த் தொட்டியில் கையை விட்டால் நாலு மணிக்குச் சங்கு ஊதிய பிறகுதான் வெளியே எடுப்பாள். கையுறை கொடுக்கத்தான் கொடுக்கிறார்கள். அதைப் போட்டுக்கொண்டால் இறாலின் முதுகிலிருக்கிற கறுப்பு நரம்பு விரலுக்கு அகப்படுவதில்லை என்று எல்லோருமே கழற்றிவிடுகிறார்கள். வீட்டுக்கு வந்து சமைத்து, சாப்பிட்டு, பாத்திரம் கழுவின பிறகும் அவள் விரல் நுனியில் சூடு திரும்பாது. அந்தக் கையால் தொட்டால் சும்மா இருக்கிற சுவர்கூடச் சுடுகிற மாதிரிதான் இருக்கும்.

இப்படிப்பட்ட நாலு கைக்கு நடுவில் நாலு வயதில் ஒரு பெண் குழந்தை. எங்கே விட்டாலும் உருண்டு ஓடிவிடுகிறவள் என்பதால் அவளுக்குப் பட்டாணி என்று பெயர் நின்றுவிட்டது.

போன வருஷம் மழைக்காலத்தில் ஒருநாள் வேலையிலிருந்து வந்தவள் பட்டாணியின் நெற்றியில் கையை வைத்தாள். வைத்த வேகத்தில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். அங்கே டாக்டரம்மா சூடு அளந்து பார்த்துவிட்டு, "ஒண்ணுமே இல்லியேம்மா" என்று அனுப்பிவிட்டார். இரண்டு மாதம் கழித்து மறுபடியும் அதே கதை. இந்தத் தடவை டாக்டரம்மா அவள் கையைப் பிடித்துப் பார்த்தார். "உங்க கை ஐஸ் கட்டிம்மா. இத வச்சுப் பாத்தா எனக்கும் காய்ச்சல்தான் அடிக்கும். ஒரு தெர்மாமீட்டர் வாங்கி வச்சுக்கங்க" என்று சிரித்தார். நர்ஸும் சிரித்தாள்.

பெண்டாட்டி வந்து சொன்னபோது இஸ்திரிக்காரனுக்கு அடக்க முடியவில்லை. "தெர்மாமீட்டர் எதுக்குடி தனியா? வீட்டுலயே ஒண்ணு அஞ்சடி ஒசரத்துல இருக்கே" என்றான். அத்தோடு விட்டிருக்கலாம். மறுநாள் கடையில் துணி கொடுக்க வந்தவர்களிடமெல்லாம் சொன்னான். அவனுக்கு ஒரு கதையைக் கையும் காலும் வைத்துச் சொல்ல வரும், அதற்காகவே நிற்கிறவர்கள் உண்டு. ஒரு வாரத்தில் தெரு முழுக்க அவளுக்குத் தெர்மாமீட்டர் என்று பெயராகிவிட்டது. "என்ன தெர்மாமீட்டர், இன்னைக்கு வெயில் எத்தன டிகிரி?" என்று பால்காரன் கேட்பான். அவளும் சிரித்துக்கொண்டுதான் போவாள். சிரிக்காமல் என்ன செய்வாள்? நிஜத் தெர்மாமீட்டரை மட்டும் யாரும் வாங்கவில்லை. கேலியே அந்த வேலையைச் செய்துவிட்ட மாதிரி ஆகிவிட்டது.

இந்த முறை எல்லாம் ஆரம்பித்தது ஒரு புதன்கிழமை.

சனிக்கிழமை விசேஷத்துக்கு மண்டபத்துக்காரர் நானூறு நாற்காலி உறைகளைக் கொண்டுவந்து கொட்டியிருந்தார். வெள்ளை வெளேரென்று வழுக்குகிற துணி. பெட்டியில் சூடு கொஞ்சம் கூடினால் சுருங்கிவிடும், குறைந்தால் மடிப்பு நிற்காது. முதுகுப் பக்கத்தை முதலில் இழுத்துவிட்டுத் தேய்த்து, பிறகு பாவாடை மாதிரித் தொங்குகிற கீழ்ப்பகுதியைச் சுற்றிச் சுற்றித் தேய்க்க வேண்டும். ஒன்றுக்கு நாலைந்து நிமிஷம் பிடிக்கும். அந்த ஆள் போகும்போது, "வெள்ளிக்கிழம சாயங்காலம் வண்டி வரும். ஒண்ணு கொறஞ்சாலும் எனக்கு மானம் போயிடும்" என்று சொல்லிவிட்டுப் போனார். இஸ்திரிக்காரன், "உங்க மானத்த நானூறா மடிச்சுத் தர்றேன், போயிட்டு வாங்க" என்றான்.

பெண்டாட்டி வேலைக்குப் போனால் பட்டாணி அவனோடு கடையில்தான். தேய்ப்பு மேஜைக்கு அடியில் பழைய போர்வை விரித்துக் கொடுத்திருந்தான். அங்கே தனக்குத்தானே பேசிக்கொண்டு விளையாடுவாள். தூக்கம் வந்தால் தேய்த்து அடுக்கின துணியில் சாய்ந்துகொள்வாள். சூடு ஆறாத துணி என்றால் அவளுக்கு உயிர்.

புதன்கிழமை சாயங்காலம் அப்படிச் சாய்ந்து தூங்கினவளை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனபோதுதான் அவனுக்குத் தெரிந்தது. அவள் முகம் அவன் கழுத்தில் புதைந்திருந்தது. மூச்சு ஒவ்வொன்றும் கழுத்தில் பட்டு எரிந்தது. கைதான் செத்த கை, கழுத்து அப்படியில்லையே. நடுத்தெருவில் ஒரு கணம் நின்றுவிட்டான். பிறகு, துணிச் சூடுதான் ஏறியிருக்கும் என்று தனக்கே சொல்லிக்கொண்டு நடந்தான். இன்னும் முந்நூறு உறைகள் பாக்கி இருந்தன. ஆஸ்பத்திரிக்குப் போனால் டோக்கன் போட்டு உட்கார்ந்து வருவதற்குள் அரை நாள் ஓடிவிடும். துணிச் சூடு என்பது அவனுக்கு அப்போது ரொம்ப வசதியாக இருந்தது.

வியாழக்கிழமை பட்டாணி எழுந்து விளையாடவே இல்லை. மேஜைக்கடியில் சுருண்டுகொண்டாள்.

"அப்பா, கண்ணு வலிக்குது."

"கரிப்புகை பட்டிருக்கும்டா குட்டி. அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்க."

"கால் வலிக்குது."

"நேத்து என்னா குதி குதிச்ச. வலிக்காதா பின்ன?"

பதினொரு மணிக்குப் பாலும் ரொட்டியும் கொடுத்தான். இரண்டு வாய் தின்றவள் அப்படியே வாந்தி எடுத்தாள். எடுத்தது தேய்த்து அடுக்கிவைத்த உறை ஒன்றின் மேல். அவன் முதலில் பார்த்தது உறையைத்தான், குழந்தையை இல்லை. அதைப் பின்னால் எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்துக்கொண்டான். உறையைக் குழாயடியில் அலசி, பிழிந்து, ஈரத்தோடு தேய்த்து, மறுபடி அடுக்கில் வைத்த பிறகுதான் குழந்தையின் வாயைத் துடைத்துவிட்டான். மத்தியானம் இன்னொரு தடவை எடுத்தாள். வயிற்றில் ஒன்றும் இல்லாததால் வெறும் தண்ணீராக வந்தது.

நாலரை மணிக்குப் பெண்டாட்டி கம்பெனியிலிருந்து நேராகக் கடைக்கு வந்தாள். சேலையில் இறால் வாடை. குனிந்து மேஜைக்கடியில் பார்த்தாள்.

"சாப்பிட்டாளா?"

"ம், நல்லா சாப்பிட்டா."

"ஏன் இப்படிச் சுருண்டு கெடக்கா?"

"வெளையாடி அலுத்துப் படுத்திருக்கா. எழுப்பாத, விடு."

ஒரு பொய்யைச் சொல்ல இவ்வளவு குறைச்சலான நேரம் போதும் என்று அவன் அதுவரை நினைத்ததில்லை. சொல்லிவிட்டுப் பெட்டியை எடுத்து அடுத்த உறையில் வைத்தான்.

வெள்ளிக்கிழமை காலையில் அவள் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். பாத்திரம் கழுவின ஈரத்தைச் சேலையில் துடைத்துக்கொண்டு குழந்தையின் நெற்றியைத் தொட்டாள். தொட்டவள் கையை எடுக்காமல் அப்படியே நின்றாள்.

"என்னங்க, லேசா சுடுற மாதிரி இருக்கு."

"ஆரம்பிச்சுட்டியா?"

"இல்லங்க, நீங்க ஒரு தடவ தொட்டுப் பாருங்களேன்."

அவன் வந்து உள்ளங்கையை வைத்தான். கை ஒன்றும் சொல்லவில்லை. அந்தக் கை ஒன்றும் சொல்லாது என்று தெரிந்துதான் வைத்தான். "ஒண்ணும் இல்லடி. தொட்டித் தண்ணியில கைய ஊறப்போட்டுட்டு வந்து தொட்டா எல்லாந்தான் சுடும். தெர்மாமீட்டர ரிப்பேருக்குக் குடுத்தாத்தான் சரிப்படும்" என்றான்.

அவள் போர்வையைக் குழந்தையின் கழுத்துவரை இழுத்துவிட்டாள். "சரி, பாத்துக்கங்க" என்று சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு போனாள்.

மத்தியானத்துக்குள் முப்பது உறைகள்தான் பாக்கி. பக்கத்துக் கடையில் தையல் மிஷின் போட்டிருக்கிற அக்கா, மிஷினுக்கு எண்ணெய் கேட்டு வந்தாள். வெள்ளைத்துணி மலையைச் சுற்றிக்கொண்டு உள்ளே வந்தவள் மேஜைக்கடியில் எட்டிப் பார்த்தாள்.

"என்ன பட்டாணி, அத்தைய கண்டுக்கவே மாட்டேங்கற?"

குழந்தை கண்ணைத் திறந்தது. திறந்த கண் யாரையும் பார்க்கவில்லை. அக்கா உட்கார்ந்து கன்னத்தைத் தொட்டாள். அவள் கை ஐஸிலும் விறைக்காத, கரியிலும் வேகாத, சாதாரணமான கை.

"தம்பி, இது கொதிக்குதுப்பா."

"இல்லக்கா, காலையிலதான் பாத்தேன்."

"என்னத்தப் பாத்த? ஒதடெல்லாம் வெடிச்சுக் கெடக்கு. கடைசியா எப்ப ஒண்ணுக்குப் போனா?"

அவன் யோசித்தான். இன்று காலையிலிருந்து போகவில்லை.

"யோசிச்சிட்டு நிக்காத. தூக்கு மொதல்ல" என்றாள் அக்கா. "பெட்டிய நா எறக்கி வைக்கறேன். அவளுக்குப் போன் போட்டுச் சொல்லிடறேன்."

அவன் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினான். காலில் செருப்பு இல்லை என்பது ஆஸ்பத்திரி வராந்தாவின் சில்லிப்பு பட்டபோதுதான் தெரிந்தது.

டோக்கன் கொடுக்கிற இடத்தில் நர்ஸ் குழந்தையின் அக்குளில் தெர்மாமீட்டரை வைத்து எடுத்துப் பார்த்தாள். புருவத்தை உயர்த்தினாள். ஒரு சின்ன மூடியில் மருந்தை ஊற்றிக் கொடுத்து, "இத மெதுவா ஊத்துங்க. வரிசையில முப்பது பேர் இருக்காங்க, உக்காருங்க" என்றாள். அவன் உட்கார்ந்தான். ஒன்றரை மணி நேரத்தில் மருந்து வேலை செய்தது. பட்டாணிக்கு வேர்த்துக் கொட்டியது. தலையைத் தூக்கிச் சுற்றும்முற்றும் பார்த்தாள். எதிர் பெஞ்சில் ஒரு கிழவர் கொட்டாவி விட்டதைப் பார்த்து லேசாகச் சிரிக்கக்கூடச் செய்தாள். அதைப் பார்த்ததும் இஸ்திரிக்காரனுக்கு அழுகை வந்தது. ஒன்றும் இல்லை, ஒன்றும் இல்லை என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டான். மூன்று நாளாகச் சொல்லிப் பழகின வார்த்தை, தானாகவே வந்தது.

அப்போதுதான் பெண்டாட்டி வந்து சேர்ந்தாள். கம்பெனியில் கட்டுகிற ரப்பர் முன்கச்சையைக்கூடக் கழற்றவில்லை. குழந்தையை அவன் மடியிலிருந்து வாங்கிக்கொண்டாள். அவள் கேட்காதது அவனுக்கு நிம்மதியாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

உள்ளே அதே டாக்டரம்மா. இவளைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டு முகம் மலர்ந்தார்.

"வாங்க, வாங்க. இந்தத் தடவ நெஜமாவே காய்ச்சலோட வந்திருக்கீங்க போல. எத்தன நாளா?"

"இன்னைக்குக் காலையிலதான் டாக்டர்" என்றாள் அவள்.

"வாந்தி ஏதாவது?"

"இல்ல டாக்டர்."

"சாப்பாடு?"

"நேத்துகூட நல்லா சாப்பிட்டா."

இஸ்திரிக்காரன் பக்கத்தில்தான் நின்றிருந்தான். அவன் சொன்ன பொய் அவள் வாயிலிருந்து உண்மையாக வந்துகொண்டிருந்தது. அவளுக்கு அதில் துளிச் சந்தேகமும் இருப்பதாக அவனுக்குத் தெரியவில்லை.

டாக்டரம்மா தொண்டையைப் பார்த்தார், நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். மருந்து வேலை செய்கிற நேரம் என்பதால் குழந்தை அவர் குழாயைப் பிடித்து இழுத்தது. "பாருங்க, என்னா சுறுசுறுப்பு. ஒரு நாள் காய்ச்சல்தான? இதுக்கெல்லாம் இப்பவே ரத்தம் எடுத்துக் குத்திக்கிட்டு இருக்க வேணாம். சிரப் எழுதித் தர்றேன், தண்ணி நெறைய குடுங்க. மூணு நாள் தாண்டியும் நிக்கலன்னா திங்கக்கிழம கூட்டிட்டு வாங்க. அப்ப டெஸ்ட் எல்லாம் எடுத்துப் பாத்துடலாம்."

திங்கட்கிழமை. அவன் விரல்விட்டுப் பார்த்தான். புதனிலிருந்து ஆறாவது நாள்.

சீட்டு கைக்கு வந்துவிட்டது. பெண்டாட்டி குழந்தையைத் தோளில் சாத்திக்கொண்டு கதவுப் பக்கம் போனாள். அடுத்த டோக்கன்காரர் உள்ளே காலை வைத்துவிட்டார். இப்போது பேசாமல் போய்விடலாம். ராத்திரி காய்ச்சல் ஏறினால் மறுபடி தூக்கிக்கொண்டு வரலாம். நேற்றிலிருந்துதான் போல என்று நாளைக்குக் கொஞ்சம் மாற்றிச் சொல்லிக்கொள்ளலாம். பெண்டாட்டிக்குத் தெரியவேண்டிய அவசியமே வராது. கணக்காக எல்லாம் பொருந்தி வந்தது. அவ்வளவு சுலபமாகப் பொருந்தியதில்தான் அவனுக்குப் பயம் பிடித்தது.

"டாக்டர்" என்றான். "புதன்கிழமையிலேருந்து."

"என்ன புதன்கிழம?"

"காய்ச்சல். புதன்கிழம சாயங்காலமே எனக்குத் தெரியும். நேத்து ரெண்டு தடவ வாந்தி எடுத்தா. நேத்து எதுவுமே சாப்பிடல. கண்ணு வலிக்குது, கால் வலிக்குதுன்னு சொல்லிட்டே இருந்தா. இன்னைக்குக் காலையிலேருந்து ஒண்ணுக்கே போகல."

சொல்லும்போது டாக்டரம்மாவைத்தான் பார்த்தான். கதவுப் பக்கம் திரும்பவில்லை.

டாக்டரம்மாவின் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. அடுத்த ஆளை வெளியே இருக்கச் சொன்னார். குழந்தையைத் திரும்ப மேஜையில் படுக்கவைத்து, வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டுப் பார்த்தார். விட்ட மடிப்பு உடனே விரியாமல் நின்றது. சிவப்புப் புள்ளி இருக்கிறதா என்று கையிலும் காலிலும் சட்டையைத் தூக்கி ஒவ்வொரு இடமாகப் பார்த்தார். "இத மொதல்லயே சொல்றதுக்கு என்ன?" என்று மட்டும் கேட்டுவிட்டு நர்ஸைக் கூப்பிட்டார். அவர் திட்டியிருந்தால் அவனுக்குத் தேவலாம் போலிருந்தது.

ரத்தம் எடுத்தார்கள். பட்டாணி கத்தக்கூட இல்லை. மாடியில் ஜன்னலோரக் கட்டிலில் படுக்கவைத்து, புறங்கையில் ஊசி குத்தி, அது நகராமல் ஒரு அட்டையை வைத்துக் கட்டி, பாட்டில் ஏற்றினார்கள். டாக்டரம்மா ஒரு தடவை வந்து பார்த்தார். "ஒடம்புல தண்ணியே இல்ல. ரத்த அணுவும் கொறஞ்சிருக்கு. நாளைக்குக் காலையில மறுபடி எடுத்துப் பாக்கணும். இந்த நெலமையில வீட்டுக்குப் போயிருந்தா சிரமமாயிருக்கும்" என்றார். எப்படிச் சிரமம் என்று அவர் சொல்லவில்லை, இவர்களும் கேட்கவில்லை.

மண்டபத்துக்காரர் இரண்டு தடவை போன் அடித்தார். மூன்றாம் தடவை அடித்தபோது இஸ்திரிக்காரன் போனை அணைத்துப் பையில் போட்டான்.

பெண்டாட்டி கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து குழந்தையின் பாதத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்த பாதத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தாள். அவன் ஸ்டூலில் உட்கார்ந்து அவள் ஆரம்பிப்பதற்காகக் காத்திருந்தான். அவள் எப்படியெல்லாம் கேட்பாள் என்று அவனுக்குத் தெரியும்.  வெயில் ஜன்னல் கம்பியிலிருந்து தரைக்கு இறங்கி, தரையிலிருந்து எதிர்ச்சுவருக்கு ஏறுகிற வரைக்கும் அவள் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"திட்டிடு" என்றான் கடைசியில். "மனசுல வச்சுக்காத. நாலு பேர் இருக்காங்கன்னு பாக்காத."

அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"நா எப்படித் திட்றது?"

"ஏன்?"

"நேத்துக் காலையிலயே எனக்குத் தெரியும்."

அவனுக்கு முதலில் புரியவில்லை.

"நீங்க குளிக்கப் போனீங்க. அவ தூக்கத்துல மொனகினா. கைய நம்ப முடியாதுன்னு குனிஞ்சு அவ வயித்துல என் கன்னத்த வச்சுப் பாத்தேன். நல்ல சூடு. மாத்தி மாத்தி ரெண்டு கன்னத்தையும் வச்சுப் பாத்தேன்."

"அப்பறம் ஏன்டி சொல்லல?"

"சொல்லணும்னுதான் நின்னுட்டு இருந்தேன். நீங்க துண்ட ஒதறிட்டே வந்தீங்க. வாய் வரைக்கும் வந்துச்சு." அவள் ஈரத்துணியை மடித்துத் தொடையில் வைத்துக்கொண்டாள். "நீங்க சிரிப்பீங்க. அப்பறம் கடையில போய் சொல்லுவீங்க. சாயங்காலம் நா தெருவுல வரும்போது எல்லாரும் சிரிப்பாங்க. கடையிலதான இருக்கப்போறா, அப்பாவுக்குத் தெரியாமலா போயிடும், அவர் சொன்னா அப்ப கூட்டிட்டுப் போவோம்னு மனசத் தேத்திட்டு வேலைக்குப் போயிட்டேன். சாயங்காலம் வந்து கேட்டப்போ நல்லா சாப்பிட்டான்னீங்க. அப்ப நம்ம கன்னமும் பொய்தான் போலன்னு நெனச்சேன்."

அவன் ஏதோ சொல்ல வந்தான். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"டாக்டரம்மா கேட்டப்பகூட நா பொய்தான் சொன்னேன். நேத்தே தெரியும்னு சொன்னா, சும்மா சும்மா ஓடி வருவியே, இந்தத் தடவ மட்டும் ஏன் வரலன்னு கேப்பாங்களேன்னு இருந்துச்சு. நீங்க அங்க வாயத் தொறக்கலன்னா இவள வீட்டுக்குத் தூக்கிட்டுப் போயிருப்பேன். பெத்தவ நா."

வார்டில் யாரோ இருமினார்கள். இஸ்திரிக்காரனிடம் யாருக்கும் எதற்கும் பதில் இல்லாமல் போனதில்லை. கேட்கிறவன் வாய் மூடுவதற்குள் பதில் வந்துவிடும், அதற்காகவே பேர் வாங்கினவன். இப்போது தன் நாக்கு எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. மூன்று நாளாகத் தான் ஒளித்துவைத்ததுதான் பெரிய தப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தான். அதற்கும் முன்னால், சிரித்துச் சிரித்தே அவள் வாயை அடைத்துவைத்தது ஒரு வருஷமாக நடந்துகொண்டிருந்திருக்கிறது. அதை ஒருநாளும் அவன் தப்பு என்று நினைக்கவில்லை. ஊரோடு சேர்ந்து அவளும்தானே சிரித்தாள் என்று இருந்துவிட்டான்.

"இனிமே சிரிக்க மாட்டேன்" என்றான். சொன்ன பிறகு அது எவ்வளவு சின்ன வார்த்தை என்று அவனுக்கே வெட்கமாக இருந்தது.

"அத அப்பறம் பாத்துக்கலாம்" என்றாள். "ஒண்ணுக்கு வருதுன்னு சொன்னா ஒடனே நர்ஸக் கூப்புடச் சொன்னாங்க. அளந்து பாக்கணுமாம். கைய ஆட்ட விடாதீங்க. நா போய் மொகம் கழுவிட்டு வந்துடறேன்."

அவள் எழுந்து வார்டின் கோடியிலிருந்த கதவுக்குள் போனாள். தாழ்ப்பாள் போடுகிற சத்தம் கேட்டது. பிறகு குழாய் திறக்கிற சத்தம். இஸ்திரிக்காரன் குழந்தையின் ஊசி ஏறிய கையை அட்டையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டான். பாட்டிலில் ஒவ்வொரு சொட்டாக இறங்கியது. முகம் கழுவுகிற நேரத்தையும் தாண்டிக் குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. எழுந்து போய்க் கதவைத் தட்ட வேண்டும் என்று அவனுக்கு இருந்தது, ஆனால் இந்தக் கையை விட்டுவிட்டுப் போக முடியாது.

பட்டாணி கண்ணைத் திறந்தாள். இந்தத் தடவை அவனைத்தான் பார்த்தாள்.

"அம்மா எங்க?"

"மொகம் கழுவப் போயிருக்காடா குட்டி."

குழந்தை கொஞ்ச நேரம் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கிடந்தது.

"இவ்ளோ நேரமாவா?"

"ஆமாடா" என்றான்.